பதினான்காம் மனையருகே ஒரு வளைவு

...ஒன்பது மில்லிமீட்டர்தானே, சட்டைப் பொத்தான் அகலம்கூட வராது, என்று மார்ச் மாதத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட குரல் இப்போதும் அதே சாவகாசத்தோடு காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்க, சல்கின் மேடை ஓரத்து நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்குப் பின்னால் வரைபடம் தொங்கியது, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, தாஷ்-கெச்சூ நகரத்தின் ஒவ்வொரு சந்தும் அவள் கை வழியாகப் போனதுதான், பள்ளிக்கூடம் மஞ்சள், மாட்டுச் சந்தை பழுப்பு, ஆப்பிள் தோட்டங்கள் பச்சை, குர்காக் ஓடையின் இடது கரையில் சிவப்பு. இருபத்தாறு வருஷமாக நகராட்சியின் நகரமைப்புப் பிரிவு என்றால் சல்கின், சல்கின் என்றால் நகரமைப்புப் பிரிவு, ஒரு காலத்தில் ஐந்து பேர் இருந்த அறையில் இப்போது அவள் ஒருத்தியும் ஒரு ரப்பர்ச் செடியும்... கீழே கலாசார மாளிகையின் மடக்கு நாற்காலிகள் ஏறக்குறைய நிறைந்துவிட்டன. மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார் நகராட்சித் துணைத் தலைவர் சபர், சிவப்பு என்று ஒரு சொல் ஊருக்குள் போனதும் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவர் ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தார், சேற்றுவெள்ளம் எட்டக்கூடிய பகுதி, கோட்டுக்குள் விழும் மனைகளில் புதுக் கட்டுமானத்துக்கு அனுமதி இல்லை, இருக்கிற வீட்டில் ஒரு செங்கல் கூடுதலாக வைக்க முடியாது... ஜனங்கள் வாசிப்பைக் கேட்கவில்லை, அவள் தலைக்கு மேலாக வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு அது தன் பின்கழுத்தையே பார்ப்பது போலிருந்தது, அங்கே ஏதோ எழுதி ஒட்டியிருப்பது போல.

மூன்றாவது வரிசையில் எர்மெக். மகன் வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தாள், கராஜில் வேலை இருக்கும் என்று, வந்துவிட்டான், மடியில் நாலு வயது மேரிம், அவள் அப்பாவின் கல்பாக் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். எர்மெக் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லி மேடையைக் காட்டினான், எங்கம்மா போட்ட படம் என்று சொல்லியிருப்பான், அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனுக்குத் தெரியாது. அதுதான், அதுதான் இதில் தாங்க முடியாதது, அவன் கேட்கவே இல்லை, யாருமே கேட்கவில்லை. சபர் கேட்டிருந்தால், மேலிடத்திலிருந்து யாராவது மிரட்டியிருந்தால், பையனே வந்து காலைப் பிடித்திருந்தால் இப்போது அந்த ஆளின் மேல் பழியில் ஒரு பகுதியையாவது இறக்கி வைத்திருக்கலாம். மார்ச் மாதம் ஒரு மதியம் வந்தான், மருமகள் நூரைம் கொடுத்தனுப்பிய மாந்திக் கொழுக்கட்டை டப்பாவை மேஜையில் வைத்தான். "ஏப்ரல் கடைசியில அஸ்திவாரம் தோண்டிடலாம்னு இருக்கேம்மா, ரெண்டு ரூம். நூரைமுக்கு ஆகஸ்ட்ல பிரசவம். அனுமதிச் சீட்டு உன் ஆபீஸ்லதானே, லஞ்சமா இந்த மாந்தியை வச்சுக்கோ." சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவனைப் படிக்கட்டு வரை அனுப்பிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தால் எதிரே அளவைக் குறிப்பு விரிந்து கிடந்தது, அக்டோபரில் மாகாணத் தலைநகரிலிருந்து வந்த நீரியல்காரப் பையனோடு ரெண்டு நாள் சேற்றில் நடந்து அவளே நாடாப் பிடித்து எடுத்த அளவுகள், அதில் பதினான்காம் மனை, எர்மெக்கின் மனை, கோட்டுக்குள் பதினெட்டு மீட்டர்.

பதினெட்டு மீட்டர் தரையில், ஒன்பது மில்லிமீட்டர் காகிதத்தில். நகர்த்தினால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாமே, பார்ப்பதில் என்ன, பென்சில்தானே... அழிப்பானை எடுத்தது ஞாபகம் இருக்கிறது, தூசியை விரல் நுனியால் தட்டியது, ஊதாமல் தட்டியது, ஊதினால் எச்சில் படும் என்று முதல் வருஷத்தில் கற்றுக்கொண்ட பழக்கம், அந்த நேரத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கோடு பதினான்காம் மனையின் பின்சுவரோடு ஒதுங்கிப் போனது. ஆனால் அசிங்கமாக இருந்தது. நேராக வந்த கோட்டில் ஒரு இடத்தில் மட்டும் யாரோ விரலால் அழுத்தியது போல ஒரு குழி, எந்த ஓடையும் அப்படி ஓடாது, பார்க்கிறவன் அரைக் கண்ணில் கண்டுபிடித்துவிடுவான், இருபத்தாறு வருஷம் பழகிய கை அந்தக் குழியைப் பொறுக்கவில்லை. உள்ளே போன கோடு வெளியே வந்தாக வேண்டும், அப்போதுதான் இயற்கையான வளைவு. பக்கத்துப் பதிமூன்றாம் மனையில் கோட்டை மெல்ல வெளியே தள்ளி, ஒரு சின்ன வயிறு போல ஊத விட்டு, பன்னிரண்டாம் மனை மூலையில் பழைய பாதையில் கொண்டுவந்து சேர்த்தாள். அழகாக இருந்தது. அதைப் பார்த்து ஒரு கணம் திருப்திகூட வந்தது, நல்ல கை என்று. பதிமூன்று புரூலக்காவின் வீடு. மேட்டின் மேல் நிற்கிற வீடு. புரூலின் கணவர் உயிரோடிருந்தபோது ஒரு கோடை முழுக்கக் கழுதை வண்டியில் கல் ஏற்றி அந்த மேட்டுக்குக் கொண்டுபோனார், கீழே இவ்வளவு நிலம் இருக்க இந்த மனுஷனுக்கு ஏன் இந்தக் கிறுக்கு என்று தெருவே சிரித்தது, அந்த வீடு அளவைக் குறிப்பில் கோட்டுக்கு ஆறு மீட்டர் வெளியே சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது. அவள் பள்ளத்தை மேடாக்கினாள், மேட்டைப் பள்ளமாக்கினாள், இரண்டும் சேர்ந்து இருபது நிமிஷம், மாந்தியின் ஆட்டுக்கொழுப்பு டப்பாவுக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது, சாப்பிடாமல் மூடி வைத்தாள். நீரியல்காரப் பையன் வேலை தேடி ரஷ்யாவுக்குப் போய்விட்டான். மாகாண அலுவலகத்துக்காரர்கள் பென்சில் கோட்டைக் கணினியில் ஏற்றினார்கள், உள்ளூர்த் திருத்தம் என்று ஓரத்தில் போட்டார்கள், முத்திரை குத்தினார்கள், பென்சில் கோடு அரசாங்கக் கோடானது.

"கேள்வி இருந்தா கேக்கலாம்," என்றார் சபர், இருக்கக் கூடாது என்கிற தொனியில்.

கேள்விகள் வந்தன, எரிவாயுக் குழாய் வருமா, கோழிக்கொட்டகையும் கட்டடமா, நான் செத்தா சிவப்புக்குள்ளதான் புதைப்பாங்களா என்று ஒரு கிழவர், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் உதட்டைச் சிரிக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தாள், முடிந்துவிடும் போலிருந்தது, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்... அப்போது கடைசி வரிசையில் ஜெங்கிஷ் எழுந்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே டயர் ஒட்டுகிறவன், எதையும் சும்மா விடாதவன். நேராக மேடைக்கு முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் குதிரை பார்க்கிறவன் போல வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"ஒரு சின்ன சந்தேகம், சல்கினக்கா. இந்தக் கோடு மேலேருந்து நூல் புடிச்ச மாதிரி வருது. பதினாலாம் மனைகிட்ட வந்ததும் வயித்த உள்ள இழுத்துக்குது. பதிமூணுல தொப்பை போட்டுருது. நடுவுல அப்படி என்னத்த சாப்ட்டுச்சு?"

கூட்டம் சிரித்தது. எர்மெக்கும் சிரித்தான்.

"ஜெங்கிஷ், நீ டயர் ஒட்டுற வேலைய மட்டும் பாரு," என்றார் சபர்.

"டயரும் வளைவுதான்ணே. எது சுத்தினதால தேஞ்சது, எது யாரோ கத்தி போட்டதுன்னு பாத்தா தெரியும்."

இப்போது சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் தவறு நேர்ந்துவிட்டது, சரிபார்க்கிறேன் என்று சொல்லலாம், கோடு மாறும், வேறு ஒன்றும் ஆகாது, வேலைகூடப் போகாது, அடுத்த வருஷம் எப்படியும் ஓய்வு... எர்மெக்கின் முகத்தை மட்டும் பார்க்காமல் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். "அங்க தரை மட்டம் அப்படி. அளந்துதான் போட்டிருக்கு." போட்டிருக்கு. நான் போட்டேன் என்று வரவில்லை, யாரோ போட்டார்கள், அது போட்டிருக்கு, தானாகவே போய் உட்கார்ந்த கோடு. குரல் நடுங்காதது அவளுக்கே பயமாக இருந்தது, பொய் சொன்னால் குரல் நடுங்கும் என்று ஐம்பத்தேழு வயசு வரை நம்பிக்கொண்டிருந்தாள், யார் சொல்லித் தந்தது அதை, நடுங்கவே இல்லை, ஒலிபெருக்கியில் எல்லாச் சொல்லும் தெளிவாக விழுந்தது, முள் இல்லாத மீன் போல வழுக்கிக்கொண்டு போனது.

"பதிமூணு மேட்டுலல்ல இருக்கு? போன குளிர்காலத்துல அந்த ஏத்தத்துல என் வண்டி பின்னாலேயே சறுக்கிட்டு வந்துச்சு. தண்ணி மட்டும் ஏறிப் போகுமா?"

"உக்காருடா ஜெங்கிஷ்." குரல் இடது பக்கத்திலிருந்து வந்தது, பெரிய குரல் இல்லை, மாவு பிசைகிறவளின் நிதானமான குரல். புரூல் எழுந்து நின்றிருந்தாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் முன் நாற்காலியின் முதுகில் ஊன்றிக்கொண்டு. "உள்ள போனது என் வீடு. எனக்கு வராத வயித்தெரிச்சல் உனக்கு எதுக்கு? அக்டோபர்ல ரெண்டு நாள், இடுப்பு வலியோட, அந்தச் சேத்துல நாடாவ இழுத்துட்டு நடந்தவ இவ. என் வாசல்லதான் பூட்ஸ கழுவினா. அவ கைல போட்ட கோட்ட நான் நம்பறேன். நீ நம்பாட்டிப் போ, போயி உன் டயர நம்பு."

சிரிப்பு எழுந்தது, இந்த முறை ஜெங்கிஷைப் பார்த்து. அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். புரூல் உட்கார்ந்தாள். மேடையைப் பார்க்கவில்லை. சல்கினுக்கு முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது, மே மாதக் காற்று ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தும் காதுமடல்கள் எரிந்தன, யாரோ நல்லெண்ணத்தோடு இரண்டு கன்னத்திலும் மாறிமாறி அறைந்தது போல, திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், தடுக்கவும் முடியாமல். போன மாதம் புரூல் அலுவலகத்துக்கு வந்திருந்தாள், தெருவைப் பார்த்த பக்கத்தில் ஒரு அறை எடுத்து அடுப்பு வைத்து ரொட்டி விற்கலாம் என்று, பாலர் பள்ளிச் சமையல் வேலையிலிருந்து நின்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்று, பழைய பள்ளிக்கூட நோட்டின் தாளில் தானே வரைந்த படம், ஜன்னல், அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிற மூன்று குச்சி மனிதர்கள். மனை எண்ணைப் பார்த்தாள் சல்கின். அட்டவணையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சிவப்புக்குள்ள வருது புரூலக்கா, ஒண்ணும் செய்ய முடியாது." ஒண்ணும் செய்ய முடியாது என்று சொன்னவள், அதைச் செய்தவள். புரூல் அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "சரி, அப்படின்னா அப்படித்தான். நீ டீ குடிச்சியா?" என்றாள். அந்தக் குச்சி மனிதர்களில் ஒருத்தருக்குத் தொப்பிகூடப் போட்டிருந்தாள்... எதற்காக அது ஞாபகம் வருகிறது, ஏன் எப்போதும் அந்தத் தொப்பிதான் ஞாபகம் வருகிறது.

"ஆதரிக்கிறவங்க கைய தூக்குங்க." கைகள் எழுந்தன, பாதிக்கு மேல், பாதிக்கு நன்றாகவே மேல். சிவப்புக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். எர்மெக் கையைத் தூக்கினான், மேரிமும் தூக்கினாள், தொப்பி தரையில் விழுந்தது. புரூலின் கை எழுந்ததா? பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள், எழுந்திருந்தது, முழங்கை மடங்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை போல. நிறைவேறியது என்றார் சபர். அவ்வளவுதான். நாற்காலிகள் படபடவென்று மடங்கின.

அவள் வரைபடத்தைச் சுருட்டலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தபோது வாசல் பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த இளைஞன் எழுந்து கத்தினான், பேரிடர்த் துறைக்காரன், தலாய் என்று பேர், காலையில்தான் அறிமுகமானான். "சிவப்புக்குள்ள இருக்கறவங்க போன் நம்பர் குடுக்காம போகாதீங்க. மலையில மழை அடிச்சா சேறு கீழ வந்து சேர நாப்பது நிமிஷம். மேல எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு, அவரு சொன்னதும் ஒவ்வொரு வீட்டுக்கா போன் போடுவோம். கோட்டுக்கு வெளியில இருக்கறவங்க சிரமப்பட வேணாம். எல்லாருக்கும் போட்டுக்கிட்டிருந்தா போக வேண்டியவங்களுக்குப் போய்ச் சேராது."

நாற்பது நிமிஷம். அது அவளுக்குத் தெரிந்த எண்தான், அறிக்கையில் அவளே எழுதியது, நான்காம் பக்கம், ஆனால் இப்போது வேறு ஒருவன் வாயிலிருந்து கேட்டபோது அது காகிதத்திலிருந்து எழுந்து நடந்து வந்தது... அன்றைக்கு அவளுக்குப் பத்து வயசிருக்கும், ஜூன் மாதம், பள்ளி விட்டிருந்தது, வானம் இங்கே நீலமாகத்தான் இருந்தது, மலைக்கு மேலேதான் கருத்திருந்தது, முதலில் சத்தம் வந்தது, லாரி வருகிற சத்தம், பிறகு நிறைய லாரி, ஓடைக்குள் தண்ணீர் வரவில்லை, கல் வந்தது, கல்லும் மரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்தது, பள்ளமான இடமெல்லாம் தேடித் தேடி நிரப்பிக்கொண்டு. அப்போது பதினான்காம் மனையில் வீடு கிடையாது. ஒரு செம்மறிக் கொட்டகை இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தபோது கொட்டகை இருந்த இடம் தட்டையாக, வழவழவென்று, சிமெண்டுத் தரை போல... மார்ச்சிலிருந்து மே வரை, மூன்று மாதமாக, அவள் அஸ்திவாரத்தை நினைத்தாள், இரண்டு அறைகளை நினைத்தாள், ஆகஸ்ட்டில் வரப்போகிற குழந்தையை, புரூலின் ரொட்டி அடுப்பை, ஜெங்கிஷின் கண்ணை, தன் பெயரை எல்லாம் நினைத்தாள், தூக்கம் கெட்டு நினைத்தாள், ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட அந்தச் சேற்றை நினைக்கவில்லை. அது இவளுடைய பென்சிலைப் படித்துவிட்டா வரும்?

வரிசையில் பத்துப் பதினைந்து பேர். அவள் எப்படிப் போய் அதன் கடைசியில் நின்றாள் என்று தெரியவில்லை, கால்கள் போய் நின்றிருந்தன. எர்மெக் தூரத்திலிருந்து கையசைத்தான், மேரிமைத் தோளில் ஏற்றிக்கொண்டு கதவைத் தாண்டி வெயிலுக்குள் போய்விட்டான், கூப்பிடத் தோன்றியது, கூப்பிட்டு என்ன சொல்வது. முன்னால் புரூல் தன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு இலக்கமாக, தலாய் எழுதுகிற வேகத்துக்குக் காத்திருந்து. பிறகு சல்கின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"சொல்லுங்க அக்கா. ஏதாவது விட்டுப்போச்சா?"

எர்மெக்கின் எண்ணைச் சொன்னாள். பத்து இலக்கங்களும் தடுமாறாமல் வந்தன. தலாய் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான். "எந்த மனை?" என்றான், பேனாவைப் பட்டியலின் மேல் வைத்துக்கொண்டு. பட்டியல் ஏற்கனவே அச்சடித்து வந்தது, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, அதற்கப்புறம் பதினைந்து. அவள் செய்ததுதான். பதினான்கு என்று ஒரே சொல். அதற்கு இடமில்லை. சொன்னால் ஏன் என்பான், கோட்டுக்கு வெளியில இருக்கே அக்கா என்பான், நீங்கதானே போட்டீங்க என்பான்... பேனா முனையிலிருந்து மை ஒரு புள்ளியாகக் காகிதத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

"என் வீட்டு வரியிலேயே எழுதிக்கோ தம்பி, பதிமூணு," என்றாள் பக்கத்தில் பையைப் பூட்டிக்கொண்டிருந்த புரூல், திரும்பாமலேயே. "பக்கத்து வீட்டுப் பையன் நம்பர். எனக்குக் காது மந்தம், மணி அடிச்சாக் கேக்காது. ரெண்டாவதா அவனுக்குப் போடு. இல்ல, முதல்ல அவனுக்கே போடு. அவன் வீடு கொஞ்சம் கீழ இருக்கு, குழந்தையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறணும்ல."

தலாய் தலையாட்டிவிட்டு எழுதினான்.

புரூலக்காவுக்குக் காது மந்தமில்லை. கடைசி வரிசையிலிருந்து ஜெங்கிஷ் முணுமுணுத்தால்கூட அவளுக்குக் கேட்கும்... அப்படியென்றால் எப்போதிருந்து தெரியும்? எழுந்து நின்று பேசினாளே, அப்போதேயா? அந்தத் தாளை நாலாக மடித்தபோதா? தன் வீடு நிற்கிற மேடு அவளுக்குத் தெரியாதா, கல் ஏற்றிய கழுதை வண்டியோடு கணவருக்குப் பக்கத்தில் நடந்தவள்தானே அவள். தெரிந்துதான் கையைத் தூக்கினாளா? ஏன் தூக்கினாள், யாருக்காக, இவளுக்காகவா, மேரிமுக்காகவா, அல்லது எதிர்த்தும் ஒன்றும் ஆகாது என்று இத்தனை வருஷத்தில் தெரிந்துவைத்திருப்பதாலா? கேட்கலாம். கேட்டால் பதில் சொல்வாள், அவள் அப்படித்தான், அதனாலேயே கேட்க முடியவில்லை.

"மினிபஸ் நிக்குது. வரியா?" என்றாள் புரூல்.

"நீங்க போங்கக்கா. படத்தச் சுருட்டி வைக்கணும்."

புரூல் அவளை ஒரு கணம் பார்த்தாள். கோபமாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும், அந்தப் பார்வையில் களைப்புதான் இருந்தது, நாள் முழுக்க நின்றவளின் சாதாரணக் களைப்பு. தலைத்துணி முடிச்சை இறுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். சல்கின் கூடத்தின் நடுவே தனியாக நின்றாள், காலி நாற்காலிகள், மேடையில் சிவப்பும் பச்சையுமாக ஊர். நெஞ்சுக்குள் ஏதோ இளகிக்கொண்டிருந்தது, வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தாள், வெட்கம் என்றால் பழகிவிட்டது, மூன்று மாதமாகத் தெரிந்த ஆள்... இல்லை, இது அது இல்லை. எண் பட்டியலில் ஏறிவிட்டது, பதினான்கு என்ற சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டியிராமலேயே ஏறிவிட்டது, அதுதான் இந்த இளக்கம். புரூலக்காவுக்குத் தெரிந்திருக்கிறது என்று புரிந்த அந்தக் கணத்தில்கூட அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி.